வக்கீல், வழக்கறிஞர், சட்ட நிபுணர்: போர்டில் உள்ள சொல்லை நம்பலாமா?

வடசென்னையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 48. கணவர் இல்லை. வீட்டிலேயே தையல் தொழில். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்பா பெயரில் உள்ள வீட்டில் பாகம் கேட்டுத் தம்பி வழக்குப் போட, நாலு மாதத்துக்கு முன்னால் இவருக்குச் சம்மன் வந்திருக்கிறது. பதறிப்போய், முன்பு ஒரு பத்திர வேலைக்கு உதவிய ஒருவரிடம் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவருடைய அலுவலக வாசலில், 'சட்ட நிபுணர், சொத்து வழக்குகளில் 25 ஆண்டு அனுபவம்' என்று பெரிய போர்டு. அவர் கொஞ்சம் கொஞ்சமாக ரூ.65,000 வாங்கியிருக்கிறார். பதிவு செய்த பவர் பத்திரம் ஒன்றும் எழுதி வாங்கியிருக்கிறார். "நீங்க வக்கீல்தானே சார்?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைச் சகோதரி அப்படியே எழுதியிருக்கிறார்: "வக்கீல் கோர்ட்ல பேசற ஆளும்மா. நான் சட்ட நிபுணர். வக்கீலுங்களே எங்கிட்டதான் வந்து கேப்பாங்க. அதோட நீங்க பவர் ஆஃப் அட்டர்னி குடுத்திருக்கீங்க. அமெரிக்காவுல அட்டர்னின்னாலே வக்கீல்தான்." அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் "வாய்தா போட்டிருக்காங்க" என்ற ஒரே பதில்.

இவருடைய மகள் வெளியூரில் விடுதியில் தங்கிச் சட்டம் படித்து, இப்போதுதான் முடித்திருக்கிறார். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் இன்னும் பதிவு செய்யவில்லை. தை மாதம் கல்யாணம். பத்திரிகையில் பெண் பெயருக்குக் கீழே 'வழக்கறிஞர்' என்று போடலாம் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். மகள் கூடாது என்கிறார். அந்த நிபுணரைப் பற்றிச் சந்தேகம் கிளப்பியதும் மகள்தான். ஆனால் எவ்வளவு பணம் கொடுத்தோம், என்ன எழுதிக் கொடுத்தோம் என்பதை அம்மா இன்னும் மகளிடம் முழுதாகச் சொல்லவில்லை.

"வக்கீல், வழக்கறிஞர், வழக்குரைஞர், அட்வகேட், லாயர், சட்ட நிபுணர், இதில் யார் பெரியவர்? அவர் எனக்காகக் கோர்ட்டில் நிற்க முடியுமா? பணத்தை நுகர்வோர் கோர்ட்டில் கேட்கலாமா? பத்திரிகையில் என்ன போடுவது?" இவைதான் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

சொற்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதை இன்றைக்கே செய்துவிடுங்கள். உங்கள் சம்மனில் வழக்கு எண்ணும் ஆண்டும் இருக்கும். சம்மன் அவரிடம் இருந்தால், அதை வாங்கும்போது போனில் படம் எடுத்தீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் பெயரை வைத்தே தேடலாம். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, யார் யாருக்கு எந்த வழக்கறிஞர் என்பதெல்லாம் வரும். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். பிரதிவாதியாகிய உங்கள் பெயருக்கு நேரே வழக்கறிஞர் பெயர் எதுவும் இல்லையென்றால், நாலு மாதமாக உங்களுக்காக யாருமே ஆஜராகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

பதில் உரை தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. சாதாரண உரிமையியல் வழக்குகளில் தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி செய்து தீர்ப்பே வந்திருந்தால், அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு போக வேண்டும். எதுவும் முடிந்துபோய்விடவில்லை. ஆனால் இதில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு உண்டு. அதனால்தான் முதலில் சொன்னேன்.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி.

வக்கீல் என்ற சொல்லில் என்ன இருக்கிறது

வக்கீல் அரபியில் பிறந்து, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த சொல். ஒருவர் தன் காரியத்தை நம்பி ஒப்படைக்கும் ஆள், அவர் இடத்தில் நின்று பேசுபவர் என்பதுதான் அதன் பொருள். மொகலாயர் காலத்திலும் நவாபுகள் காலத்திலும் ஓர் அரசர் இன்னோர் அரசரிடம் அனுப்பும் தூதருக்கும் வக்கீல் என்றே பெயர். இன்றைக்கும் நிக்காஹ் நடக்கும் வீட்டில், மணப்பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டு, அவர் சார்பாகச் சபையில் வந்து சொல்லும் பெரியவரை வக்கீல் என்று அழைக்கிறார்கள். அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பெண் அவரை நம்பி அனுப்புகிறாள், அது போதும்.

அப்படி ஒப்படைக்கும் செயலுக்குத்தான் வக்காலத்து என்று பெயர். கோர்ட்டில் அதற்காகக் கொடுக்கும் தாளுக்கும் அதே பெயர்தான். "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கறே?" என்று தெருவில் சண்டை போடும்போது கேட்கிறோமே, அந்தப் பேச்சில் சொல்லின் மூலப் பொருள் அப்படியே இருக்கிறது. வாய்தா, ஜாமீன், ஜப்தி, அமீனா, ஆஜர், தாவா என்று நம் கோர்ட்டுப் பேச்சில் பாதி இதே பாதையில் வந்தது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நீதிமன்ற வேலை அந்த மொழிகளில் நடந்ததன் மிச்சம் அது.

யார் பெரியவர் என்று கேட்கிறீர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் என்றால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. 1862-இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியபோது லண்டனில் தகுதி பெற்று வந்தவர் பாரிஸ்டர், அதற்கடுத்து அட்டர்னி, நம் ஊரிலேயே படித்துத் தேறியவர் வக்கீல் என்று வரிசை இருந்தது. ஜில்லா கோர்ட்டுகளில் பிளீடர்கள், அதிலும் முதல் தரம், இரண்டாம் தரம். கையில் இருக்கும் உரிமத்துக்குச் சன்னது என்று பெயர். வ.உ.சிதம்பரனார் பிளீடராக இருந்தவர். சிறைக்குப் போனதால் அவருடைய சன்னது பறிபோனது. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அதைத் திரும்ப வாங்கித் தந்தார். அந்த நன்றியில் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. செக்கிழுத்துவிட்டு வந்த மனிதருக்குத் தொழில் செய்யும் அந்தக் காகிதம் எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1961-இல் வழக்கறிஞர்கள் சட்டம் வந்து இந்த வரிசையைக் கலைத்தது. அதன்படி நாடு முழுவதும் வழக்காடும் தொழில் செய்ய ஒரே ஒரு வகையினருக்குத்தான் உரிமை. மாநில பார் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள்தான் அவர்கள். ஆங்கிலச் சட்டத்தில் அவர்களுக்கு அட்வகேட் என்று பெயர். அதைத்தான் நாம் தமிழில் வழக்கறிஞர் என்கிறோம், வழக்குரைஞர் என்கிறோம், வாயால் பேசும்போது வக்கீல் என்கிறோம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பிளீடர் என்ற சொல்லும், அதற்குள் வக்கீல் என்ற சொல்லும் இன்னும் அப்படியே இருக்கின்றன. குற்றவியல் பக்கம் 2023-இல் வந்த புதிய சட்டம் பிளீடரை விட்டுவிட்டு அட்வகேட் என்றே எழுதிவிட்டது. ஆக, நீங்கள் எழுதிய பட்டியலில் முதல் நான்கும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன. அவற்றுக்குள் பெரியவர் சின்னவர் கிடையாது.

லாயர் என்பது கொஞ்சம் தளர்வான சொல். சட்டம் படித்த யாரையும் பேச்சில் அப்படிச் சொல்லிவிடுகிறோம். மூத்த வழக்கறிஞர் என்பது மட்டும் தனி. வயதானவர் என்பதாலோ, நாலு ஜூனியர் வைத்திருப்பதாலோ அது வராது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ தகுதி பார்த்துத் தரும் நிலை அது. அப்படி ஆனவர் வக்காலத்து தாக்கல் செய்யக் கூடாது, கட்சிக்காரரிடம் நேராக வழக்கு வாங்கவும் கூடாது. இன்னொரு வழக்கறிஞர் மூலமாகத்தான் வர வேண்டும். யாராவது "நான் சீனியர் அட்வகேட், வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்க" என்றால் அங்கேயே கொஞ்சம் யோசியுங்கள்.

வழக்கறிஞரா, வழக்குரைஞரா?

இதை மகள் கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி இது.

வழக்கு என்ற தமிழ்ச் சொல்லுக்கு நீதிமன்றம் தெரிவதற்கு முன்பே வயது அதிகம். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணத்தில் படித்திருப்போம். மக்கள் வழங்கி வருவது, நடைமுறை என்பது அதன் ஒரு பொருள். அதே சொல் தகராறையும் குறிக்கிறது, கோர்ட்டு விவகாரத்தையும் குறிக்கிறது. வழக்கை அறிந்தவர் வழக்கறிஞர். வழக்கை எடுத்து உரைப்பவர் வழக்குரைஞர். அரசாங்கக் காகிதங்களில் இரண்டுமே வருகின்றன. ஒன்று மேல், ஒன்று கீழ் என்றோ, ஒன்று சிவில், இன்னொன்று கிரிமினல் என்றோ சிலர் சொல்வதில் உண்மையில்லை.

என் போர்டில் வழக்கறிஞர் என்றுதான் இருக்கிறது. ஆனால் மனசு வழக்குரைஞர் பக்கம்தான். அறிந்து வைத்திருப்பது வீட்டிலும் முடியும். நீதிபதி முன்னால் எழுந்து நின்று இன்னொருவருக்காக எடுத்துச் சொல்வதுதான் இந்தத் தொழில். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்குப் போய் நீதி கேட்கும் பகுதிக்கு வழக்குரை காதை என்றே தலைப்பு. அங்கே அவளுக்கு வக்கீல் இல்லை. தன் வழக்கைத் தானே உரைத்தாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அந்த உரிமை இன்றைக்கும் உங்களுக்கு உண்டு. உங்கள் வழக்கை நீங்களே நடத்தலாம், நீதிமன்றம் அதைத் தடுக்காது. சொத்து வழக்கில் அது சுலபமில்லை என்பதால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் உரிமை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கைத் தமிழர்கள் சட்டத்தரணி என்கிறார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் இரண்டு வகை இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அவர்களை அப்புக்காத்து, பிரக்கிராசி என்று அழைத்தார்கள். 1970-களில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

'சட்ட நிபுணர்' போர்டு

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

சட்ட நிபுணர், சட்ட ஆலோசகர், சட்ட வல்லுநர் என்ற சொற்களைத் தொழில் செய்யும் உரிமையோடு எந்தச் சட்டமும் இணைக்கவில்லை. தொலைக்காட்சியில் பேச வருபவருக்குக் கீழே சட்ட நிபுணர் என்று போடுகிறார்கள். சட்டக் கல்லூரிப் பேராசிரியரைச் சொல்கிறோம், ஓய்வு பெற்ற நீதிபதியைச் சொல்கிறோம். மரியாதையான சொல்தான், தவறில்லை. அரசியலமைப்பின் 124-ஆவது பிரிவு, குடியரசுத் தலைவர் கருத்தில் சிறந்த சட்ட அறிஞராக இருப்பவரை நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கலாம் என்று சொல்கிறது. இத்தனை வருடத்தில் அந்த வழியில் ஒருவர்கூட நியமிக்கப்படவில்லை. அவ்வளவு உயரத்தில் வைத்த சொல் அது. அப்படிப்பட்ட அறிஞராகவே இருந்தாலும், பார் கவுன்சில் பதிவேட்டில் பெயர் இல்லாமல் உங்கள் வழக்கில் வக்காலத்து போட முடியாது.

போர்டைப் பற்றி இன்னொரு விஷயம். இந்தியப் பார் கவுன்சிலின் விதி 36, வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது என்கிறது. பெயர்ப்பலகை அளவாக இருக்க வேண்டும். இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று அதில் போடக் கூடாது. இணையத் தளங்களில் விலை போட்டு வழக்கறிஞர்களைப் பட்டியலிடுவதைக்கூட 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. ஆக, பதிவு பெற்ற ஒரு வழக்கறிஞர் 'சொத்து வழக்கு நிபுணர், 25 ஆண்டு அனுபவம்' என்று போர்டு வைத்தால் அது விதி மீறல். பதிவு பெறாதவர் வைத்தால் அவரைக் கேட்கப் பார் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை. எந்தப் போர்டைப் பார்த்து உங்களுக்கு நம்பிக்கை வந்ததோ, அந்தப் போர்டுதான் உங்களை முதலில் எச்சரித்திருக்க வேண்டும். இதை உங்கள் தவறு என்று சொல்லவில்லை. இந்த விதி வெளியே யாருக்கும் தெரியாது. தெரிய வைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

"கோர்ட்டுக்குப் போகாமல் ஆலோசனை மட்டும் தருகிறேன்" என்று அவர் வாதாடலாம். வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் பற்றிய வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், வழக்காடுவது மட்டுமல்லாமல் தொழிலாக ஆலோசனை தருவதும் சட்டத் தொழில் செய்வதில் அடங்கும் என்று சொல்லிவிட்டது.

பத்திரம் எழுதும் ஆவண எழுத்தர், கையெழுத்துக்குச் சான்று தரும் நோட்டரி, இவர்கள் வேலை வேறு. நோட்டரிகள் பெரும்பாலும் வழக்கறிஞர்கள்தான். ஆவண எழுத்தர் அப்படியில்லை, பதிவுத் துறை உரிமத்தோடு பத்திரம் எழுதுபவர்.

பவர் வேறு, வக்காலத்து வேறு

அமெரிக்க அட்டர்னி கதையைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஒரு சொல்லின் இரண்டு பொருளை வைத்து ஒருவரை இப்படி நம்ப வைக்க முடிகிறதே. அட்டர்னி என்றால் இன்னொருவருக்குப் பதிலாகச் செயல்பட நியமிக்கப்பட்டவர். அமெரிக்காவில் வழக்கறிஞரை அப்படிச் சொல்கிறார்கள் என்பது உண்மை. நம் ஊரில் பவர் ஆஃப் அட்டர்னி என்றால் உங்கள் சார்பில் கையெழுத்துப் போட, பணம் கட்ட, மனு கொடுக்க ஒருவருக்கு நீங்கள் தரும் அதிகாரம், அவ்வளவுதான். அந்த ஏஜென்ட் உங்களுக்காக நீதிமன்றத்தில் தாக்கல் வேலைகளைச் செய்யலாம். நீதிமன்றம் தனியாக அனுமதி தந்தாலொழிய எழுந்து நின்று வாதம் செய்யவோ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ முடியாது. உங்களுக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயங்களை உங்களுக்குப் பதிலாகக் கூண்டில் ஏறிச் சொல்லவும் முடியாது. 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்பா கடைசிக் காலத்தில் என்ன சொன்னார், வீட்டு வரியை யார் கட்டினார்கள் என்பதை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

வக்காலத்து எப்படி இருக்கும் தெரியுமா? நான் ஜூனியராகத் தம்பு செட்டித் தெருவில் ஒரு மாடிப்படி ஏறிச் சேர்ந்த முதல் வாரத்தில், சீனியரின் குமாஸ்தா என்னை உட்கார வைத்து ஒரு வக்காலத்தைக் கையில் கொடுத்தார். "இதைப் படிக்கத் தெரிஞ்சாதான் மத்ததெல்லாம்" என்றார். மேலே நீதிமன்றத்தின் பெயர். அதன் கீழே வழக்கு எண், வாதி, பிரதிவாதி. நடுவில், இன்னாரை என் வழக்கறிஞராக நியமிக்கிறேன் என்ற வாசகமும் அவர் என்னென்ன செய்யலாம் என்பதும். கீழே கட்சிக்காரர் கையெழுத்து, அல்லது கைநாட்டு. தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்ற குறிப்பு. வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்து, பதிவு எண், முகவரி. வழக்கறிஞர் நல நிதி ஸ்டாம்பு. அந்தக் குமாஸ்தா ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, கடைசியில் பதிவு எண்ணில் வந்து நின்றார். "இந்த நம்பர் இல்லேன்னா இது வெறும் தாள்." முப்பது வருடம் ஆகிவிட்டது, அந்த விரலை நான் மறக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் எங்குமே இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதாக இல்லை. ஒருவேளை காகிதக் கட்டோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்து, அவருக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் பெயரில் வக்காலத்து போயிருக்கலாம். இ-கோர்ட்ஸில் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி ஒரு பெயர் இருந்தால் அவரை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் வழக்கறிஞர் அவர்தான். உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் அவர்தான்.

எனக்கு வக்காலத்தைவிட அந்தப் பவர் பத்திரம்தான் பயமாக இருக்கிறது. அதை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். 'விற்கவும், அடமானம் வைக்கவும், கிரையத் தொகை பெற்றுக்கொள்ளவும்' என்ற மாதிரி வாசகம் இருந்தால், வழக்கு நடத்தக் கொடுத்த பவரில் அதற்கு என்ன வேலை? பதிவுத் துறை இணையதளத்தில் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். புதிதாக எதுவும் ஏறவில்லையென்றால் மூச்சு விடலாம். அடுத்து, எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பதிவானதோ அங்கேயே ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். அதோடு நிறுத்தாமல், ரத்து செய்துவிட்டேன் என்று அவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவருக்குத் தெரிந்த நேரத்திலிருந்துதான் ரத்து அவரைக் கட்டுப்படுத்தும் என்பது ஒப்பந்தச் சட்டம். அவருக்கே அந்தச் சொத்தில் பங்கு எழுதிக் கொடுத்ததுபோல் ஏதாவது வாசகம் இருந்தால் மட்டும் ரத்து செய்வது சிக்கலாகும். அதற்கு ஒரு வழக்கறிஞர் பத்திரத்தை நேரில் பார்த்தாக வேண்டும்.

பணம்

வழக்கறிஞர் மீது சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வழக்கறிஞர்களைப் பற்றியது. அதனால் முதலில் அவர் பதிவேட்டில் இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. நம் மாநிலத்துப் பதிவு எண் எம்.எஸ். என்று தொடங்கி, எண்ணும் ஆண்டுமாக இருக்கும். எந்த வழக்கறிஞரிடமும் "உங்க என்ரோல்மென்ட் நம்பர் என்ன சார்?" என்று கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் கோபப்பட மாட்டேன், கோபப்படுபவரை நானே சந்தேகப்படுவேன்.

பதிவு பெற்றவர் என்றால் பார் கவுன்சிலில் தொழில் ஒழுங்கீனப் புகார் கொடுக்கலாம். பதிவு இல்லை என்றால் இரண்டு வழி இருக்கிறது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர்போல நின்றிருந்தால் 1961 சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. பொய் சொல்லிப் பணம் வாங்கியதற்குக் காவல் துறையில் ஏமாற்றுப் புகார். அவருக்கு அந்த 2024 தீர்ப்பின் பாதுகாப்பு கிடையாது என்பதால் நுகர்வோர் ஆணையமும் உங்களுக்கு அடைபட்ட கதவாக இருக்காது. போனில் அனுப்பிய பணத்தின் விவரம், வாய்தா என்று அவர் அனுப்பிய செய்திகள், அந்தப் போர்டின் படம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பணம் முழுதும் சீக்கிரம் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன், தெரியாத ஒன்றை நம்பிக்கையாகத் தரக் கூடாது. காகிதங்களை வாங்குவது முதல் வேலை. ஃபீஸ் பாக்கி இருந்தால்கூடக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கே உரிமையில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றவருக்கு எங்கிருந்து வரும்?

இன்னொரு வழக்கறிஞருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் தருகிறார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு தரும் உரிமை அது, சலுகை என்று கூச்சப்பட வேண்டாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், நேரிலும் போகலாம். சம்மன், பவர் பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆதார், இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். தம்பியோடு உட்கார்ந்து பேச மனம் இருந்தால் சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவிலேயே முதலில் வந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005-இல். வீட்டுப் பாகத் தகராறுகளில் அங்கே நல்ல முடிவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை

உங்கள் மகள் சொல்வது சரி. பட்டம் வாங்கியவர் சட்டப் பட்டதாரி. பெயருக்குப் பின்னால் பட்டத்தைத் தாராளமாகப் போடலாம். வழக்கறிஞர் என்ற சொல் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகுதான் அவருடையது. மாப்பிள்ளை வீட்டார் பெருமைக்காகக் கேட்கிறார்கள், அதில் கெட்ட எண்ணம் இல்லை. அவர்களிடம் இதை மகளே சொல்லட்டும், நன்றாகச் சொல்வார்.

பதிவுக் கட்டணத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பு ஒவ்வொரு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு ரூ.750, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ரூ.125, அதற்கு மேல் பதிவுக் கட்டணம் என்று வாங்கக் கூடாது. பதிவுக்குப் பிறகு அகில இந்தியப் பார் தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அச்சகத்துக்குக் கொடுப்பதற்குள் பதிவு முடிந்துவிட்டால் பெயருக்குக் கீழே 'வழக்குரைஞர்' என்று போடுங்கள். முடியவில்லையென்றால் பட்டத்தோடு விடுங்கள். அப்புறம், ரூ.65,000 விஷயத்தை இன்றைக்கு ராத்திரியே அவரிடம் சொல்லிவிடுங்கள். இ-கோர்ட்ஸைத் திறந்து பார்க்க உங்களுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், அந்த ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.